எந்த டாக்டரையும் சேர்த்தே ஆகணுமா? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலச் சட்டம் பற்றி

லூயிவில் பாலா:
"கென்டக்கிக்கு வாங்க, இங்கே நெட்வொர்க் (இன்சூரன்ஸ் ஏற்கும் டாக்டர்கள் பட்டியல்) கவலையே இல்லை, அதில் சேர விரும்புகிற எந்த டாக்டரையும் இன்சூரன்ஸ் சேர்த்தே ஆகணும்" என்று ஒருவர் நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதை நம்பி பிளான் எடுத்தால் யார் பதில் சொல்வது? பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் கம்பெனியே சொந்தப் பணத்தில் நடத்தும் பிளான்தான். அதை மாநிலச் சட்டம் தொட முடியாது. 1974-ல் வந்த எரிசா (ERISA) அப்படி, கம்பெனிகள் ஊழியருக்குத் தரும் பிளான்களுக்கான மத்தியச் சட்டம் அது.

சின்சி சேகர்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். இதே எரிசாவைக் காட்டித்தான் இன்சூரன்ஸ்காரர்கள் கென்டக்கி மேல் வழக்குப் போட்டார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

லூயிவில் பாலா:
அந்தத் தீர்ப்பு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு. உங்கள் முதலாளி இன்சூரன்ஸ் கம்பெனியா நடத்துகிறார்? உங்கள் இன்சூரன்ஸ் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். "நிர்வாகச் சேவை மட்டுமே, பணப் பொறுப்பு எங்களுக்கு இல்லை" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் அது சொந்தப் பண பிளான். கென்டக்கி சட்டம் அந்த வாசலோடு நின்றுவிடும்.

ராலே ரகு:
அதை விடுங்கள், இந்தச் சட்டமே தப்பு. "ஆள் கூட்டம் அனுப்புகிறேன், கட்டணத்தைக் குறை" என்றுதான் இன்சூரன்ஸ் பேரம் பேசுகிறது. எல்லோரும் உள்ளே வரலாம் என்றால் எந்த டாக்டர் குறைப்பார்? கடைசியில் பிரீமியம் நம் தலையில்தான்.

மருந்துக்கடை மீனா:
ரகு சார், சட்டம் சும்மா யாரையும் உள்ளே விடச் சொல்லவில்லை. பிளான் இயங்கும் பகுதியில் இருக்கணும், அவர்கள் வைக்கும் நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ளணும். தெற்கு டகோட்டாவில் 2014-ல் மக்களே ஓட்டுப் போட்டு இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எதிர்த்தது யார்? சொந்தமாக இன்சூரன்ஸ் பிளானும் வைத்திருந்த பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்கள்.

ராலே ரகு:
மருந்துக்கடைக்காரர்கள் இதற்கு வக்காலத்து வாங்காமல் வேறு யார் வாங்குவார்கள்?

மருந்துக்கடை மீனா:
ஆமாம், வாங்குவேன். ஊரில் இருக்கும் ஒரே கடையை விட்டுவிட்டு நாற்பது மைல் போய் மாத்திரை வாங்கச் சொன்னால் யார் பேசுவது? ஒக்லஹோமா மாநிலச் சட்டத்தில், சேர விரும்புகிற எந்த மருந்துக்கடையையும் சேர்க்கணும் என்கிற பகுதியை 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடக்கியது. 2025-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. எங்கள் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

லூயிவில் பாலா:
பார்த்தீர்களா சேகர்? ஒக்லஹோமாவிலும் எரிசாதான் குறுக்கே நின்றது. நான் சொன்னது இதைத்தான்.

சின்சி சேகர்:
அது மருந்து விஷயம், வேறு நீதிமன்றம். கென்டக்கி தீர்ப்பு அப்படியே நிற்கிறது. ஒன்பதுக்குப் பூஜ்ஜியம்.

லூயிவில் பாலா:
நிற்கட்டும். கார்டில் என்ன இருக்கிறது?

சின்சி சேகர்:
போன மாதம் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பேச்சிலும் இப்படித்தான், எல்லோரும் பேசி முடித்த பிறகும் நீங்கள் விடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவர் வேறு எந்தப் பக்கம் பேசுவார்?

லூயிவில் பாலா:
என் வேலையை ஏன் இழுக்கிறீர்கள்? சொந்தப் பண பிளானில் இருப்பவருக்கு மாநிலச் சட்டம் உதவாது. நூறு முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் திருத்துங்கள்.

சின்சி சேகர்:
திருத்த மாட்டேன். சின்னக் கம்பெனிகள் இன்சூரன்ஸிடமே வாங்குகிற பிளானுக்குப் பொருந்துமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

லூயிவில் பாலா:
நீங்கள் எழுதியது "சின்னக் கம்பெனி" என்றா? "கவலையே இல்லை" என்று.

ராலே ரகு:
பிரீமியம் பற்றிக் கேட்டேன், இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.