விழித்தபடியே கனவுக்குள் நுழைவது: அந்த அமுக்கும் இடத்தைத் தாண்டுவது எப்படி?

மொட்டைமாடி கேட்டது:

கனவு என்று தெரிந்தே காணும் லூசிட் ட்ரீம் எனக்கு இரண்டு முறை தானாக வந்திருக்கிறது. இப்போது விழிப்பு அறுந்துபோகாமல் நேராக உள்ளே போகப் பழகுகிறேன். மூன்று வாரமாக இரவு பத்தரைக்குப் படுத்து மூச்சை எண்ணுகிறேன். முந்நூறு வரை போய்விடுகிறது, தூக்கம்தான் வருவதில்லை. போன ஞாயிறு மதியம் மட்டும் வேறு மாதிரி ஆனது. காதுக்குள் கிரைண்டர் ஓடுகிற மாதிரி இரைச்சல், கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம். எங்கள் அம்மாச்சி இதைத்தான் அமுக்குவான் பேய் என்பார், தலைமாட்டில் இரும்புச் சாவி வைக்கச் சொல்வார். பயத்தில் விழித்துவிட்டேன். இதைத் தாண்டியவர்கள் வழி சொல்லுங்கள்.

கிணற்றடி எழுதியது:

படுத்த உடனே முயற்சி செய்ததுதான் சிக்கல். நானும் நான்கு மாதம் அப்படியே வீணாக்கினேன். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம்தான் அதிகம். தெளிவான கனவு வரும் ரெம் கட்டம் அப்போது சில நிமிடங்கள்தான் இருக்கும், விடியற்காலையில்தான் நீளும். பத்தரை மணிக்கு நீங்கள் தட்டுகிற கதவுக்குப் பின்னால் கனவே இல்லை.

நான் பத்தரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுவேன். பெரிய விளக்கைப் போடமாட்டேன், போனைத் தொடமாட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து நினைவிருக்கும் கனவை நோட்டில் எழுதுவேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி படுப்பேன்.

இனி அமுக்குவான். கனவில் ஓடும்போது உடம்பும் எழுந்து ஓடிவிடாமலிருக்க, ரெம் கட்டத்தில் மூளை தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடுகிறது. அது முடிவதற்குள் விழித்தாலோ, விழிப்போடு அதற்குள் இறங்கினாலோ கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். மார்புத் தசைகளும் தளர்வதால்தான் அந்தப் பாரம். ஆனால் உதரவிதானம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், மூச்சு நிற்காது. கண்ணும் நம் வசம்தான். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி என்பவர், தான் கனவில் இருப்பதை உறங்கியபடியே கண்ணை இடமும் வலமும் அசைத்துத்தான் தெரிவித்தார். கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் அதைக் கருவியில் பதிவு செய்தார். இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. இரைச்சல் வந்தால் கையை உதறப் பார்க்காதீர்கள். வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்தபடி கிடங்கள். உடம்பு கட்டுப்படுவதற்கு முன் எச்சில் ஊறினால் விழுங்குங்கள், அரித்தால் சொறியுங்கள், அதனால் ஒன்றும் கெடாது.

அப்புறம் மூடிய கண்ணுக்குள் புள்ளி, நிறம், பாதி முகம் என்று வரும். உற்றுப் பார்த்தால் போய்விடும். கிணற்றில் மீன்குஞ்சு பார்த்திருப்பீர்களே, நம் நிழல் விழுந்தாலே கலைந்துவிடும், அந்த மாதிரி. எனக்கு முதல் தடவை வந்தது வெறும் பச்சைத் திட்டு. அதைத் துரத்தாமல் விட்டேன். அது மெல்ல எங்கள் சித்தப்பா வீட்டுக் கிணற்றின் உள்படியில் படிந்த பாசியானது. உள்ளங்கையை வைத்தேன். வழவழவென்று ஈரம், நடுவிரலுக்கடியில் மிளகளவு நத்தை ஓடு. மேலே கப்பி கிறீச்சிட்டது. மூக்கைப் பொத்தி இழுத்தேன், மூச்சு தாராளமாக வந்தது. கனவுதான். இரண்டு நிமிடம் இருந்திருப்பேன். அந்தக் கிணற்றை மூடிப் பல வருடமாகிறது.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனையில் முறைப்பணி பார்க்கிறேன். தூக்கம் கெட்ட வாரங்களில் எனக்கு அமுக்குவான் அதிகம் வரும். மல்லாந்து படுத்தால் இன்னும் அதிகம், ஒருக்களித்துப் படுத்தால் குறைகிறது. வாரத்தில் ஒரு நாள், அதுவும் மறுநாள் விடுமுறையாக இருந்தால் மட்டும் செய்யுங்கள் தம்பி. விழித்திருக்கும்போதே இல்லாத குரல் கேட்பது, உருவம் தெரிவது போன்றவற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

மொட்டைமாடி எழுதியது:

நன்றி அக்கா. சனிக்கிழமை இரவு கிணற்றடி அண்ணன் சொன்னபடி நான்கு மணிக்கு எழுந்து, திரும்ப ஒருக்களித்துப் படுத்தேன். இரைச்சல் வந்தது. வயிற்றைக் கவனித்தபடி கிடந்தேன். பக்கத்தில் லாரி கடந்து போகிற மாதிரி வந்து, ஓய்ந்துவிட்டது. நான் படித்த பள்ளியின் வராந்தா, சிவப்புச் சிமெண்டுத் தரை, தெளிவாகத் தெரிந்தது. உள்ளே வந்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சுற்றிச்சுற்றிப் பார்த்தேன். ஐந்தாறு நொடியில் மங்கிவிட்டது.

கிணற்றடி எழுதியது:

நுழைந்துவிட்டீர்கள்! ரொம்ப மகிழ்ச்சி. அடுத்த தடவை முழு வராந்தாவையும் பார்க்க நினைக்காதீர்கள். உட்கார்ந்து அந்தத் தரையைத் தடவுங்கள், இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டே இருங்கள். கை எதையாவது உணர்ந்துகொண்டிருக்கும்வரை கனவு கலையாமல் நிற்கும், எனக்கு அப்படித்தான். மங்கினாலும் கண்ணைத் திறக்காமல் அசையாமல் கிடங்கள், பல நேரம் அடுத்த கனவு அங்கிருந்தே தொடங்கிவிடும்.