'கெஸ்ட்' நுழைவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

கணினியில் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் 'கெஸ்ட்' நுழைவுக்கு ஒரு சொல் வேண்டும். அது எப்படித் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லை மட்டும் கேட்டால் 'விருந்தினர் அணுகல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள்.

மாங்குளத்துப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளைப் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். நெல் கொள்வனவு இடாப்பு, உரக் கணக்கு, பங்குப்பணம் எல்லாம் அலுமாரிக்கு மேலே உள்ள ஒரு சிறு பெட்டியில் கிடக்கின்றன. உள்ளே இரண்டு வன்தட்டு, பின்னால் ஒரு வலைக் கம்பி. எந்தக் கணினியிலிருந்தும் போடலாம், எடுக்கலாம். நிறுவியவர் கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. வருடக்கணக்காக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதையொட்டி மூன்று மடிக்கணினிகளை விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு ஏற்றினேன். மறுநாள் காலை எட்டரைக்கே எழுதுவினைஞர் தங்கச்சி போன் எடுத்தா. "அண்ணை, பெட்டி திறக்குதில்லை."

போய்ப் பார்த்தால் இரண்டு கணினியில் திறக்கவில்லை, மூன்றாவதில் திறக்கிறது! இப்படிப் பாதி வேலைசெய்யும் கோளாறுதான் ஆளைக் கொல்வது. முழுதாகச் செத்திருந்தால் கம்பியைப் பார்க்கலாம், மின்சாரத்தைப் பார்க்கலாம்.

என் முதல் சந்தேகம் எஸ்எம்பி1 மேல். கோப்புப் பகிர்வுக்காக விண்டோஸ் பேசும் மொழி எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. அதன் முதற் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வொன்னாக்றை உலகம் சுற்றியது. அந்த வருடப் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் அந்தப் பதிப்பை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. பழைய பெட்டிகள் சில அதை மட்டுமே பேசும். ஆனால் எங்கள் பெட்டிக்கு 2ஆம், 3ஆம் பதிப்புகளும் தெரியும் என்று அதன் அமைப்புப் பக்கத்திலேயே இருந்தது. சரி, அது இல்லை.

வலையமைப்புப் பட்டியலில் பெட்டியின் பெயர் வராததில் ஒரு அரைமணி போயிற்று. பட்டியலில் தெரிவது வேறு, திறப்பது வேறு. பெட்டியின் இலக்க முகவரியை நேரே அடித்துப் பார்த்திருக்க வேண்டும். அடித்ததும்தான் உண்மையான செய்தி வந்தது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை, அடையாளம் உறுதிசெய்யப்படாத கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது என்று ஆங்கிலத்தில். முகாமையாளர் ஐயாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எங்கட நிருவாகசபை அப்பிடி ஒரு தீர்மானமும் எடுக்கேல்லையே" என்றார்.

தீர்மானம் எடுத்தது மைக்ரோசொப்ட். 24எச்2 பதிப்பின் ப்ரோ வகையில் இரண்டு இயல்புநிலைகளை மாற்றிவிட்டார்கள். ஒன்று, கெஸ்ட்டாக உள்ளே போவதை விண்டோஸே மறுக்கும். மற்றது, போய்வரும் ஒவ்வொரு செய்தியிலும் ஒப்பம் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஹோம் வகையில் இந்த இறுக்கம் இல்லை. திறந்த மூன்றாவது கணினி ஹோம்.

இரண்டும் தனித்தனி மாற்றம் போலத் தெரிந்தாலும் அடியில் ஒன்றுதான். ஒப்பமிட ஒரு திறவுகோல் வேண்டும். அந்தத் திறவுகோல் பயனரின் கடவுச்சொல்லை வைத்து நடக்கும் உறுதிப்படுத்தலிலிருந்து பிறக்கிறது. கெஸ்ட்டுக்குக் கடவுச்சொல் இல்லை, ஆகவே திறவுகோலும் இல்லை, ஒப்பமும் இல்லை.

இனிச் சொல். இந்த விடயத்தைத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி அலுவலகச் சுவரில் ஒட்ட விரும்பினேன். 'விருந்தினர் அணுகல் தடுக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால், தங்கச்சி கேட்பா: "நாங்கள் என்ன விருந்தினரே? இஞ்ச வேலை செய்யிற ஆக்களெல்லோ?" நியாயமான கேள்வி. நடந்ததும் அதுதான். பெட்டிக்குள் ஓடுவது சம்பா என்னும் மென்பொருள். (எங்கள் பக்கம் சம்பா என்றால் அரிசி. 1992இல் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய இந்தச் சம்பா, எஸ்எம்பி என்ற மூன்று எழுத்தும் வரும் சொல்லைத் தேடிப் பிடித்த பெயர்.) அதில் ஒரு அமைப்பு உண்டு. தெரியாத பயனர்பெயர் வந்தால் விரட்டாதே, கெஸ்ட் கணக்கில் உள்ளே விடு என்று. தங்கச்சியின் கணினி ஒவ்வொரு நாளும் தன் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டியிருக்கிறது. பெட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் திறந்துவிட்டது. இத்தனை வருடமும் தான் கெஸ்ட் என்பது அவவுக்கே தெரியாது.

ஆகவே 'பெயரிலி நுழைவு' சரிவராது. பெயர் சொல்லப்படுகிறது, சரிபார்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.

என் முன்மொழிவு 'படலை நுழைவு'. எங்கள் பழைய வீடுகளின் சங்கடப் படலையை நினைத்துக்கொண்டு சொல்கிறேன். வேலியோடு சேர்ந்த கூரை போட்ட வாசல். வழியால் போகிறவர் ஆரென்று கேட்காமல் இருந்து இளைப்பாறலாம், ஆனால் வீட்டுக்குள் வர முடியாது. கெஸ்ட் கணக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாங்கள் இடாப்பையே கொண்டுபோய்ப் படலைக்குள் வைத்துவிட்டோம்.

பெட்டிக்கு 'வலைத் தேக்ககம்' என்று எழுதப்போகிறேன். மறுப்பு உண்டானால் சொல்லுங்கள்.

*

சென்னையிலிருந்து:

வணக்கம் நண்பரே. இங்கே 'சேமிப்பகம்' நிலைத்துவிட்டது. தேக்கம் என்றால் எங்கள் காதுக்குப் பொருளாதாரத் தேக்கம், பணித்தேக்கம் எல்லாம் நினைவுக்கு வரும். 'வலைச் சேமிப்பகம்' என்றால் இரு கரையிலும் புரியும்.

'விருந்தினர்' மேல் இவ்வளவு கோபம் வேண்டாம். விருந்து என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை. விருந்தினர் என்றால் புதிதாய் வந்தவர், முன்பின் அறியாதவர். வீட்டுக்குச் சாப்பிட வரும் மாமா விருந்தினர் ஆனது அப்புறம்தான். கெஸ்ட்டுக்கு அந்தப் பழைய பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. படலை என்றால் என்ன என்று நான் இங்கே நாலு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

*

புதுக்குடியிருப்பிலிருந்து:

தம்பி, படலையை விட்டுவிடுங்கோ. எங்கள் பாடநூலில் 'தர்க்கப் படலை' என்றுதான் லொஜிக் கேற்றைப் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் மெய்நிலை அட்டவணை கீறிக்கொண்டு இருக்கும்போது நீங்கள் படலை நுழைவு என்றால், உள்ளீடு பூச்சியமா ஒன்றா என்று கேட்பினம்.

தேக்ககம் இருக்கட்டும். அதுவும் பாடநூலில் உள்ள சொல், மாணவருக்குப் பழக்கம்.

ஒப்பம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். ஒப்பம் என்றவுடன் கடதாசியின் அடியில் ஒருமுறை கையெழுத்து வைப்பதுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். இங்கே வலையில் போகும் தரவுத் துண்டான ஒவ்வொரு பொதிக்கும் வைக்கிறார்கள். அதுவும் யார் அனுப்பினார் என்பதற்கு மட்டும் இல்லை, வழியில் ஒருவரும் கைவைக்கவில்லை என்பதற்கும். என் அப்பப்பா சூடடித்த நெல்லைக் களத்தில் இரவு விட்டுவிட்டு வந்தால், குவியலின் மேல் சாம்பலால் குறி போட்டுவிட்டுத்தான் வருவாராம். விடிய, குறி கலைந்திருந்தால் ஆரோ அள்ளியிருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். 'குறியிடல்' என்று வைக்கலாம்தான், ஆனால் குறியீடு, குறிமுறை எல்லாம் ஏற்கெனவே அந்த இடத்தில் குந்திக்கொண்டு இருக்கின்றன. 'பொதியொப்பம்' எப்படி?

*

வவுனியாவிலிருந்து:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆங்கிலத்தில் இதை 'கெஸ்ட் ஃபோல்பாக்' என்கிறார்கள். அதைப் பார்த்து 'பின்வீழ்வு நுழைவு' என்று யாரும் தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலத்தில் விழுந்தால் தமிழிலும் விழ வேண்டுமென்று சட்டம் இல்லை.

*

எல்லோருக்கும்,

ரீச்சர், படலையை எடுத்துவிட்டேன். தர்க்கப் படலையை நானும் படித்தவன்தான். எப்படி மறந்தேனோ தெரியவில்லை. 'பொதியொப்பம்' எனக்குப் பிடித்திருக்கிறது. சாம்பற்குறியைக் குறிப்பில் விளக்கமாகச் சேர்க்கிறேன்.

சென்னை நண்பருக்கு: தேக்ககத்தை விடமாட்டேன். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவரிடம் போய், தேக்கம் கெட்ட சொல் என்று சொல்லிப் பாருங்கள். கனகராயன் ஆறு வந்து தேங்காவிட்டால் அங்கே சிறுபோகம் ஏது? விருந்து பற்றி நீங்கள் சொன்னது உண்மை, எனக்கு அது புதிது. ஆனால் சுவரில் ஒட்டும் தாளை வாசிப்பவர் இன்றைய பொருளில்தான் வாசிப்பார். பழைய பொருளை விளக்க இன்னொரு தாள் ஒட்ட வேண்டிவரும்.

பிரச்சினையைத் தீர்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டு இரண்டு தனிமடல்கள் வந்தன. விண்டோஸின் இரண்டு இறுக்கத்தையும் தளர்த்திவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். இணையத்தில் பெரும்பாலானோர் அதைத்தான் சொல்கிறார்கள். நான் செய்யவில்லை. ஊர் நெல்லுக் கணக்கு அது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன், மூன்று பேருக்கும் பெட்டியிலேயே தனித்தனிக் கணக்குத் திறந்தேன், கெஸ்ட்டை மூடினேன். கணினிகளில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்து வைத்தேன்.

அதிலும் ஒரு சறுக்கல். தங்கச்சி தன் கணினியைத் திறக்கும் நாலு இலக்கப் பின் எண்ணையே பெட்டிக்கும் அடித்துக்கொண்டு இருந்தா. அந்த எண் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, பெட்டிக்கு அது தெரியாது. பிறகு ஏற்கெனவே வேறு பெயரில் தொடர்பு திறந்திருக்கிறது என்று 1219ஆம் பிழை. பழைய தொடர்பைத் துண்டித்து, ஒருமுறை வெளியேறி வந்ததும் சரி.

அப்போது, "முந்தி ஏன் அண்ணை கடவுச்சொல் கேக்கேல்லை?" என்றா. நான் தொடங்கினேன், கெஸ்ட் கணக்கு, உறுதிப்படுத்தல் என்று. அவ இடைமறித்து, "அப்ப இவ்வளவு நாளும் ஆளை அறியாமலே விட்டிருக்கு, என்ன?" என்றா.

நாங்கள் நாலு நாளாகத் தேடியது அந்த வாயில் இருந்தது. ஆளறியா நுழைவு. கடவுச்சொல்லோடு போவது ஆளறி நுழைவு. எதிர்ச்சொல்லும் கூடவே வந்துவிட்டது. 'உங்கள் கணினி இப்போது ஆளறியா நுழைவை ஏற்காது' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும், ஆரும் தன்னை விருந்தினர் என்று நினைத்து மனம் நோகவும் மாட்டார்கள்.

ஒரு தயக்கம் மட்டும். ஆளறிதல் என்றதும் போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வெயிலில் வரிசையாக நின்று அடையாள அட்டை நீட்டியது எனக்கு ஒருகணம் நினைவுக்கு வந்தது. வன்னியில் என் வயதுக்காரர் பலருக்கும் வரும். முகாமையாளர் ஐயாவிடம் கேட்டேன். அவர் என்னைவிட அதிக நேரம் அங்கே நின்றவர். தாளை வாங்கி வாசித்தார். "அங்க எங்களைக் கேட்டவங்கள். இஞ்ச கேக்கிறது எங்கட பெட்டி" என்று சொல்லிவிட்டு, ஒட்டுவதற்குப் பசையைத் தேடினார்.

தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இன்று பின்னேரத்துக்குள் சொல்லுங்கள். இன்னும் இரண்டு சங்கங்கள் படி கேட்டிருக்கின்றன.