எக்கோவை அணைத்தால் பாஸ்வேர்ட் அடிக்கவே விடமாட்டேன் என்கிறது

கேள்வி:
லினக்ஸில் சி-யில் ஒரு சின்ன மெனு ப்ரோக்ராம். முதலில் ஸ்கேன்எஃப் வைத்து மெனு எண் வாங்குகிறேன், அப்புறம் டெர்மினல் அமைப்பை மாற்றும் டிசிசெட்அட்டர் மூலம் எக்கோவை (தட்டுவது திரையில் தெரிவதை) அணைத்துவிட்டு, ஒரு வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸில் பாஸ்வேர்ட். "பாஸ்வேர்ட்:" என்று வந்த கையோடு, ஒரு எழுத்துகூட நான் தட்டாமலே "தவறு" என்கிறது. ஸ்டாண்டர்ட் இன்புட்டை எஃப்ஃப்ளஷ் செய்தும் பார்த்தாச்சு, பலனில்லை.

பதில் 1:
எக்கோ மேல் பழி போடாதீர்கள், அது பாவம். நீங்கள் 1 தட்டி எண்டர் அடித்ததும் டெர்மினல் அந்த 1-ஐயும் நியூலைனையும் சேர்த்து 2 பைட்டாகத்தான் கொடுக்கும். ஸ்கேன்எஃப் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள, மிச்சமான நியூலைனை எஃப்கெட்ஸ் காலி வரியாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. எஃப்ஃப்ளஷ், தேங்கிய அவுட்புட்டை வெளியே தள்ளுவதற்கு உரியது, இன்புட்டில் போட்டால் என்ன ஆகும் என்று சி ஸ்டாண்டர்ட் எதையும் சொல்வதில்லை. எண்ணையும் எஃப்கெட்ஸிலேயே வாங்கி ஸ்டிர்டோல் போட்டு எழுத்தை எண்ணாக மாற்றுங்கள்.

பதில் 2:
டிசிசெட்அட்டரில் டிசிஎஸ்ஏஃப்ளஷ் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் போதாதா? படிக்காமல் கிடப்பதைத் தூக்கிப் போட்டுவிடுமே.

பதில் 1:
நானும் இதில் ஒரு முழு சாயங்காலம் மாட்டியிருக்கிறேன். அது கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பக்கம் கிடப்பதைத்தான் தூக்கும், ஆனால் இந்த நியூலைன் ஏற்கெனவே கெர்னலைத் தாண்டி சி லைப்ரரியின் பஃபருக்குள் (தற்காலிகச் சேமிப்பிடம்) வந்து உட்கார்ந்துவிட்டது, அங்கே டெர்மியாஸுக்கு (டிசிசெட்அட்டர் சேர்ந்த டெர்மினல் அமைப்புத் தொகுதி) கை எட்டாது.

கேள்வி கேட்டவர்:
ஆஹா, இப்போது நின்று கேட்கிறது, ஆனால் சரியான பாஸ்வேர்டையும் தவறு என்கிறதே! தவிர, நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தால் ஷெல்லில் தட்டுவது எதுவும் தெரிவதில்லை, விண்டோவையே மூடித் திறக்கிறேன்.

பதில் 3:
எஃப்கெட்ஸ் கடைசி நியூலைனையும் சரத்தோடு சேர்த்தே தரும், ஸ்டிர்சிஸ்பன் வைத்து அதை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். விண்டோவை மூட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்டிடிஒய் சேன்' (stty sane) என்று தட்டி எண்டர் அடித்தால் எக்கோ திரும்பிவிடும். ப்ரோக்ராமில் செய்ய வேண்டியது, பழைய அமைப்பை டிசிகெட்அட்டரில் எடுத்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்இன்ட் சிக்னலுக்கான ஹேண்ட்லரில் திருப்பிப் போடுவது. டிசிசெட்அட்டரை ஹேண்ட்லருக்குள் அழைக்கலாம் என்று யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் ஸ்டாண்டர்டே அனுமதிக்கிறது. பாஸ்வேர்டுக்குப் பிறகு அடுத்த செய்தி அதே வரியில் ஒட்டிக்கொண்டு வருமே, அதற்கு எக்கோஎன்எல் ஃப்ளாகைப் போட்டுவிடுங்கள், எக்கோ அணைந்திருந்தாலும் எண்டருக்கு மட்டும் வரி இறங்கும்.