புதுப்பிப்பு: மகளின் முதல் தீபாவளி

நான்கு மாதக் குழந்தையோடு முதல் தீபாவளிக்குச் சாத்தூர் போகலாமா, வெடிச் சத்தம் தாங்குவாளா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தோம். காலை 6-7, இரவு 7-8 என்ற அரசு நேரத்தைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடி ஜன்னலைச் சாத்தி உள்ளறையிலேயே வைத்துக்கொண்டோம். முதல் சரவெடிக்கு உதடு பிதுங்கியது, அப்புறம் என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். அப்படியும் நக இடுக்கில் அலுமினியப் பொடி மின்னியது. தன் மகன் பிறந்த 45-ஆம் நாளே வேலைக்குத் திரும்பியதாகச் சொன்னார்.

2017-இல் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு என்றார்கள். அதில்தான் நான் இன்று வீட்டில் இருக்கிறேன். ஆலைத் தொழிலாளிக்கும் அதே உரிமைதான். ஆனால் அக்காவின் பெயர் அந்த ஆலையின் பதிவேட்டிலேயே இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த முறை இதைத்தான் கேட்கப் போகிறேன். அக்காவும் கூட நின்று பேசுகிறேன் என்றிருக்கிறார்.