டான், சான், சென்: மூணும் ஒரே குலப்பெயரா?

கேள்வி:
ஆபீஸ்ல ஒருத்தர் டான், இன்னொருத்தர் சான், புதுசா வந்தவர் சென். மூணு பேரும் ஒரே சீன எழுத்தைத்தான் எழுதிக் காட்டுறாங்க. எப்படிங்க?

பதில் 1:
ஒரே எழுத்தை ஒவ்வொரு சீன மொழிவகையும் ஒரு மாதிரி உச்சரிக்கும்: ஹொக்கியன்ல டான், கன்டோனீஸ்ல சான், மாண்டரின்ல சென். வியட்நாமை 1225 முதல் 1400 வரை ஆண்ட ட்ரான் வம்சமும் இதே எழுத்துதான்.

பதில் 2:
வேர் பழைய சீனாவோட ஒரு குட்டி நாட்டுல இருக்கு. ஷாங் வம்சத்தை வீழ்த்தின சோவ் மன்னர் வூ, பழங்கதைப் பேரரசர் ஷுன்னோட வழிவந்தவர்னு சொல்லி குய் மானுக்கு சென் நாட்டைக் கொடுத்தார். இன்னைக்கு அது ஹெனான் மாகாணத்து ஹுவாய்யாங் பகுதி. (ஷுன் கதையை நான் நம்பலை. பெரிய குலத்துக்கெல்லாம் எப்படியோ ஒரு பேரரசர் மூதாதையாக் கிடைச்சிடுவார்!) கி.மு. 5ஆம் நூற்றாண்டுல சூ நாடு அதை விழுங்கிடுச்சு. நாட்டுப் பெயர் குலப்பெயரா நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடியே, கி.மு. 672ல, இளவரசர் சென் வான் சீ நாட்டுக்குத் தப்பி ஓடினார். அவர் வாரிசுகள் தியான்னு பெயர் மாத்திக்கிட்டு, கடைசியில சீ நாட்டு அரியணையையே பிடிச்சாங்க. அடைக்கலம் கொடுத்தவனுக்கு நல்ல பரிசு!

கேள்வி கேட்டவர்:
தெற்கே எப்படிப் பரவினாங்க?

பதில் 2:
பல அலையா. தாங் வம்ச காலத் தளபதி சென் யுவான்குவாங் படையோட தென்கிழக்கு சீனாவோட ஃபூஜியன்ல தங்கிட்டார். அங்கே 686ல ஜாங்ஜோ ஊரை நிறுவினவர் அவர்தான். கோயிலே கட்டிக் கும்பிடுறாங்க.

பதில் 3:
ஆனா மூணு பேரும் பங்காளிங்கன்னு முடிவு கட்டிடாதீங்க. வட சீனாவை ஆண்ட வட வெய் வம்ச காலத்துல, ஹோமோசென்ங்கிற சியான்பெய் (வடக்கே இருந்து வந்த நாடோடி இனம்) குலமும் பெயரைச் சுருக்கி சென் ஆனதுதான்.