பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஓய்வுக்காலப் பணத்தை எப்படிப் பிரித்துப் போடுவது என்று ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் பெரிய பதவியில் இருந்து இறங்கியவர்கள் நிறையப் பேரிடம் பேசியிருக்கிறேன். அரைமணி நேரத்தில் கணக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் எழுந்து போக மாட்டார்கள்.

ஒருவர், ஒரு நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். பேச்சுக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "தம்பி, என் நம்பருக்கு ஒரு கால் போடுங்க, அடிக்குதான்னு பார்ப்போம்" என்றார். போட்டேன், அடித்தது. "சரி, அடிக்குது" என்று கட் செய்து மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவருக்குப் பணத்துக்குக் குறையில்லை, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. மரியாதை போனதுதான் இவர்களுக்கு வருத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நான் இல்லாவிட்டால் அங்கே எதுவும் நடக்காது' என்ற நினைப்பு இருக்கிறதே, போவது அதுதான். சம்பளத்துக்குப் பதிலாக ஓய்வூதியம் வருகிறது, அந்த நினைப்புக்குப் பதிலாக எதுவும் வருவதில்லை. உச்சத்துக்குப் போனவர்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது. கீழ்மட்டத்தில் இருந்தவர்கள் பலர் 'விட்டது தொல்லை' என்று கையை உதறிவிட்டுப் போவதையும் பார்க்கிறேன்.

பஸ் ஆல்ட்ரின் 1969இல் நிலவில் நடந்தபோது அவருக்கு 39 வயது. திரும்பி வந்தபின் மனச்சோர்விலும் குடியிலும் விழுந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நிலவுக்கே போய்வந்த ஆளுக்கு அடுத்து என்ன இலக்கு வைப்பது?

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

மறுமொழி

நான் உளவியல் படித்தவன், அதனால் கொஞ்சம் பாடம் நடத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வெற்றியும் சீக்கிரமே பழகிப்போய்விடும். 1978இல் அமெரிக்காவில் லாட்டரியில் பெரும்பணம் விழுந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக ஒன்றும் மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் சுகமும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. 22 பேரை வைத்து ரொம்பப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனாலும் பதவி உயர்வு கிடைத்த ஒரு வருஷத்தில் அடுத்த பதவிக்கு ஏங்க ஆரம்பிக்கும் யாருக்கும் இது புரியும்.

இன்னொன்று, மூளை. புதுச் சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறனையும், சேர்த்துவைத்த அறிவை எடுத்தாளும் திறனையும் ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டினார். முதலாவது முன்னதாகவே சரியத் தொடங்கும், இரண்டாவது வயதான பிறகும் வெகுகாலம் தாங்கும். முதல் திறனை வைத்துப் பேர் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல்.

எனக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவர் கை பழையபடி இல்லை என்று தெரிந்ததும், யாரும் சொல்வதற்கு முன்பே கத்தியைக் கீழே வைத்தார். இப்போது இளம் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவரோடு நடந்தால் நாலடிக்கு ஒருமுறை யாராவது சந்தேகம் கேட்டு நிறுத்துகிறார்கள். அவரோடு வேலை பார்த்த இன்னொருவர் கடைசிவரை விடமாட்டேன் என்று நின்றார். அவரை எப்படி வெளியே அனுப்பினார்கள் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938 முதல் நடத்திவரும் ஆய்வையும் சொல்ல வேண்டும். 268 கல்லூரி மாணவர்களையும், பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் முதுமைவரை பின்தொடர்ந்தார்கள். 80 வயதில் யார் நலமாக இருப்பார் என்பதை, 50 வயதில் அவருக்கு இருந்த கொலஸ்ட்ராலைவிட அப்போது உறவுகளில் இருந்த நிறைவே நன்றாகக் காட்டியதாம்.

மறுமொழி

எல்லாரும் சேர்ந்து வெற்றியைத் திட்டுகிறீர்களே, தோற்றவர்கள் எல்லாம் முதுமையில் சிரித்துக்கொண்டா இருக்கிறார்கள்? என் அப்பா ஓய்வூதியம் இல்லாத வேலையில் இருந்தவர். மாத்திரை வாங்கப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டுமே என்று கூசிக்கொண்டு, பாதி மாத்திரையாக உடைத்துப் போட்டுக்கொண்டவர். போன் அடிக்கவில்லை என்று வருத்தப்படும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை. பணம் இருந்தால் சந்தோஷம் வந்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். பாதி பயம் போகும், அதுவே பெரிய விஷயம்.

மறுமொழி

மேலே எழுதியவர் சொல்வது நியாயம். ஆனால் வசதியான வீட்டுக்குள் நடக்கும் கூத்தையும் கேளுங்கள். என் வீட்டுக்காரர் ஐந்நூறு பேரை மேய்த்த அதிகாரி. அந்த நாட்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு திடீரென்று குடும்பத்தின்மேல் அக்கறை வந்தது. மகன் அவரிடம் மரியாதையாகத்தான் பேசுவான். இரண்டு நிமிஷத்தில் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பான். அவனைக் குறைசொல்ல முடியாது. முப்பது வயதுக்குமேல் ஒருவனுக்குத் திடீரென்று அப்பா கிடைத்தால் என்னதான் பேசுவான்?

அதனால் இப்போது என்னை நிர்வாகம் செய்கிறார். கரண்ட் பில்லுக்கு ஒரு ஃபைல், மளிகைக்கு ஒரு ஃபைல். சமையலறை அலமாரியில் எந்த டப்பா எங்கே என்று சீட்டு ஒட்டியிருக்கிறார், முப்பது வருஷமாக அங்கே நிற்பவள் நான். திங்கள்கிழமை காலை 'வார ஆய்வு' என்று ஒரு மீட்டிங் வேறு. நான் போவதில்லை. அவர் மட்டும் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்.