30 அங்குல பேஸ் கிடார்: கை சின்னதா இருக்கறவங்களுக்கு மட்டும்தானா?

கீழ்ஸ்தாயி கேட்டது:

வணக்கம். இத்தனை வருஷமும் 34 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிர்ற நீளம் 34 அங்குலம் இருக்கற பேஸ் கிடார் மட்டும்தான் வாசிச்சிருக்கேன். சமீபத்துல ஒரு பழைய கிப்ஸன் ஈபி-0 கையில கிடைச்சுது, 30.5 அங்குலம். முதல் ஃப்ரெட்டுல (நெக்குல குறுக்கே இருக்கற உலோகக் கட்டு) விரல் வச்சதுமே எல்லாம் கிட்டக்கிட்ட இருந்துச்சு. அது எதிர்பார்த்ததுதான். சத்தம்தான் எதிர்பார்க்கல. அதே ஆம்ப், அதே விரல், ஆனா ஈ கம்பி உருண்டு திரண்டு வந்துச்சு. ஜி கம்பியில மேல போகப் போக யாரோ முணுமுணுத்துப் பாடற மாதிரி கேட்டுது.

எங்க குழுவுல சொன்னேன். "அது கத்துக்கறவங்க பேஸ், கை சின்னவங்களுக்காகச் செஞ்சது, மேடைக்கு ஆகாது"ன்னு முடிச்சுட்டாங்க. என் கை சின்னது இல்ல. எனக்கு வேணும்னு தோணறது அந்தச் சத்தம்தான்.

இந்த வித்தியாசம் நிஜமா ஸ்கேலால வர்றதா, இல்ல பழைய பிக்கப்போட (கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற காந்தச் சுருள்) வேலையா? பழசுல தேடினா எதைத் தேடலாம்? மஸ்டாங், ஹாக்ஸ்ட்ராம், கில்ட்னு பேரளவுல தெரியும், அவ்வளவுதான். வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே சோதிச்சுப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

தடிக்கம்பி எழுதியது:

கடைசிக் கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அதுக்குச் செலவே கிடையாது. உங்க 34 அங்குல பேஸ்ல நாலு கம்பியையும் ரெண்டு ஃப்ரெட் அளவு இறக்குங்க: டி, ஜி, சி, எஃப். இப்போ ரெண்டாவது ஃப்ரெட்டுல நல்லா அழுத்தம் இருக்கற காப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கற கிடுக்கி) ஒண்ணு மாட்டுங்க. திரும்பவும் ஈ, ஏ, டி, ஜி வந்துடும். காப்போவுல இருந்து பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பியைத் தாங்கற இடம்) வரைக்கும் அளந்தா சுமார் 30.3 அங்குலம். உங்க பிக்கப், உங்க ஆம்ப், உங்க கம்பி எதுவும் மாறல, நீளம் மட்டும் குறைஞ்சிருக்கு. ஒரு வாரம் அப்படியே வாசிங்க. ஈபி-0-ல கேட்டதுல எவ்வளவு ஸ்கேலோடது, எவ்வளவு பிக்கப்போடதுன்னு உங்க காதே பிரிச்சுச் சொல்லிடும்.

இனி ஏன்னு பார்ப்போம். ஒரே கம்பி, ஒரே ஸ்ருதின்னா, இழுவிசை நீளத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. 34-ல இருந்து 30-க்கு வந்தா நீளம் 12 சதவீதம்தான் குறையுது, இழுவிசை 22 சதவீதம் இறங்கிடுது. நீங்க கையில உணர்ந்தது அந்த 22. அதோட, கம்பியோட தடிமன் அதேதான், நீளம் மட்டும் கம்மி. அப்போ கம்பி நீளத்துக்கு விறைப்பு கூடிப்போகுது, மேல் ஹார்மோனிக்ஸ் (அடிஸ்வரத்தோட சேர்ந்து கேக்கற மேல் ஸ்வரங்கள்) சீக்கிரம் அடங்கிடுது. அடிஸ்வரம் முன்னாடி வந்து நிக்குது. உருண்டு திரண்டு வந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் இதுதான். ஜி கம்பி பாடறதுக்கும் இந்தத் தளர்வுதான் காரணம். விரலை லேசா அசைச்சாலே ஸ்ருதி நெளியும். க்ரீம் குழுவுல ஜாக் புரூஸ் கிப்ஸனோட இன்னொரு குட்டை ஸ்கேல் பேஸான ஈபி-3-ல மெல்லிய கம்பி போட்டு, கிடார் மாதிரி இழுத்து வளைச்சு வாசிச்சார். அந்த வாசிப்பை 34 அங்குலத்துல தடிமனான கம்பி போட்டு முயற்சி பண்ணிப் பாருங்க, நான் சொல்றது உடனே புரியும்.

விரல் தூரத்தையும் சொல்லிடறேன். முதல் ஃப்ரெட்டுல இருந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் 34-ல ஏறக்குறைய 130 மில்லிமீட்டர், 30-ல 114. இந்த ஒன்றரை சென்டிமீட்டர் சௌகரியம்தான், மறுக்கல. ஆனா நான் 34 அங்குலத்தைக் கீழ வச்சுட்டு ஈபி-3-ஐ எடுக்கற நாள்ல விரல் நீட்டத்தைப் பத்தி யோசிக்கறதே இல்ல. அந்தப் பாட்டுக்கு எந்த மாதிரி அடிஸ்வரம் வேணும்னு மட்டும்தான் யோசிப்பேன்.

"கத்துக்கறவங்க பேஸ்"ங்கற பேச்சு எனக்குக் கொஞ்சம் வலிக்கும். மஸ்டாங் விஷயத்துல பாதி உண்மை: 1966-ல ஃபெண்டர் அதை மாணவர் வரிசையிலதான் கொண்டு வந்தது. கிப்ஸன் கதை வேற. 1953-ல அவங்க செஞ்ச முதல் எலக்ட்ரிக் பேஸே 30.5 அங்குலம்தான். வயலின் வடிவ உடம்பு, டபுள் பேஸ் மாதிரி நிறுத்தி வாசிக்கறதுக்குக் கீழ இழுத்து நீட்டற காலும் உண்டு. நின்னு டபுள் பேஸ் வாசிச்ச தொழில்முறைக் கலைஞர்களுக்காகவே செஞ்சது அது. 1951-ல லியோ ஃபெண்டர் 34 அங்குலம் எடுத்தார், அவரோட பேஸ் பரவுச்சு, அதனால 34 பொது அளவாச்சு. டபுள் பேஸ் கம்பி 41, 42 அங்குலம் இருக்கும். அதோட பக்கத்துல வச்சா 34-ம் குட்டைதான்.

இப்போ எதைத் தேடறதுன்னு.

ஈபி-0, ஈபி-3: நெக் முடியற இடத்தை ஒட்டியே பெரிய ஹம்பக்கர் (ரெண்டு சுருள் இருக்கற பிக்கப்) உட்கார்ந்திருக்கும். அடிஸ்வரத்தை அள்ளிக் கொடுக்கும். தனியா வாசிச்சா சொர்க்கம். டிரம்ஸும் ரெண்டு கிடாரும் சேர்ந்தா ஈபி-0-ல எந்த ஸ்வரம்னு பிரிச்சுக் கேக்கறது கஷ்டமாயிடும், ஏன்னா அதுல அந்த ஒரு பிக்கப்தான். ஈபி-3-ல பிரிட்ஜ் பக்கம் இன்னொரு சின்ன பிக்கப்பும் நாலு நிலை சுழல் சுவிட்சும் உண்டு. குழுவோட வாசிக்கறவங்களுக்கு நான் ஈபி-3-ஐத்தான் சொல்வேன். ரெண்டுலயும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஹெட்ஸ்டாக் பின்பக்கம்: மஹோகனி நெக், ஹெட்ஸ்டாக் பின்னாடி சாய்ஞ்ச அமைப்பு, அதனால நட்டுக்கு (நெக்கோட மேல் முனையில கம்பி உட்கார்ற பள்ளம் வெட்டின துண்டு) பின்னாடி ஒட்டின தழும்பு இருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. நல்லா ஒட்டியிருந்தா நிம்மதியா வாசிக்கலாம், ஆனா விலையில அது தெரியணும். ரெண்டு, நெக் கீழ சாயும். சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் போட்டா ஓரளவு நிக்கும். இன்னொண்ணு, பேருக்குப் பின்னாடி "எல்" இருந்தா அது நீள ஸ்கேல். ஈபி-3எல்-ஐப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிட்டு 34.5 அங்குலத்தோட நிக்காதீங்க.

மஸ்டாங்: நெக் சாயாது, மேப்பிள் நெக், நடுவுல ரெண்டு துண்டா பிரிஞ்ச பிக்கப். ஈபி மாதிரி கும்முனு இருக்காது, தெளிவு கூட. ரோலிங் ஸ்டோன்ஸ்ல பில் வைமன் கையிலயும் டாக்கிங் ஹெட்ஸ்ல டினா வேமவுத் கையிலயும் இருந்தது இதுதான், அதுக்கப்புறமும் மேடைக்கு ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்ல. பழைய மஸ்டாங்ல பிரிட்ஜ்லயே ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ம்யூட் வச்சிருப்பாங்க. அது கழட்டப்படாம இருந்தா விடாதீங்க.

கில்ட் ஸ்டார்ஃபயர்: என் மனசுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறது. 1965-ல வந்தது, பாதி உள்ளீடற்ற உடம்பு. ஜெஃபர்ஸன் ஏர்ப்ளேன் குழுவோட ஜாக் கஸாடியும் கிரேட்ஃபுல் டெட் குழுவோட ஃபில் லெஷும் இதைத்தான் எடுத்து, உள்ளே இருக்கற மின்சுற்றையெல்லாம் மாத்தி மாத்தி வாசிச்சாங்க. அந்த வேலையைச் செஞ்ச வட்டத்துல இருந்துதான் 1969-ல அலெம்பிக் நிறுவனம் உருவாச்சு. அப்புறம் அலெம்பிக்லயும் குட்டை ஸ்கேலை எடுத்து ஜாஸ் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் என்ன செஞ்சார்னு உங்களுக்கே தெரியும். அவ்வளவு வேகம், அவ்வளவு தெளிவு. குட்டை ஸ்கேல்னா மொத்தையா மட்டும்தான் கேக்கும்னு நினைக்கறவங்களுக்கு நான் அவர் பேரைத்தான் சொல்வேன். பழைய ஸ்டார்ஃபயர் கிடைச்சா, அதுல ஹாக்ஸ்ட்ராம் செஞ்ச பை-ஸானிக் பிக்கப் இருக்கான்னு கேளுங்க. கீழேயும் தடுமாறாம மேலேயும் மங்காம கேக்கற பிக்கப் அது.

ஹாக்ஸ்ட்ராம்: ஸ்வீடன்ல செஞ்சது, முப்பதே முக்கால் அங்குலம், நெக் மெலிசு. உள்ள இருக்கற எச் வடிவ டிரஸ் ராடால (நெக்குக்குள்ள இருக்கற உலோகத் தண்டு) அந்த மெலிசு நெக்கும் வளையாம நிக்குது. இதுலயே எட்டுக் கம்பி மாடல் ஒண்ணு 1967-ல இருந்து 1969 வரைக்கும் வந்துச்சு, ஒவ்வொரு பேஸ் கம்பிக்கும் ஜோடியா ஒரு ஸ்தாயி மேல இன்னொரு கம்பி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்ல நோயல் ரெடிங் ஒண்ணு வச்சிருந்தார். அரிதுன்னா அதுதான் அரிது.

டேன்எலக்ட்ரோ பத்தி சுருக்கமா: மரத்தூள் அட்டையில உடம்பு, லிப்ஸ்டிக் குழாய்க்குள்ள பிக்கப். கேக்க விளையாட்டா இருக்கும், ஒலிப்பதிவுல அதோட "டக்" வேற எதுலயும் வராது.

கடைசியா கை. குட்டை ஸ்கேலை 34 மாதிரி ஓங்கி அடிச்சா ஈ கம்பி முதல்ல ஸ்ருதி ஏறி அப்புறம் இறங்கும். மெதுவா தொடுங்க, சத்தத்தை ஆம்ப்ல ஏத்துங்க. விரல் பழக நாளாகும். பழகின பிறகு உங்க 34 அங்குல வாசிப்பும் நயமாகும்.

நேர்ஸ்ருதி எழுதியது:

தடிக்கம்பி அண்ணா சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல, ஒண்ணு சேர்க்கறேன். உங்க குழு டி-க்கோ சி-க்கோ இறக்கி வாசிக்கற குழுவா இருந்தா யோசிங்க. தளர்வா இருக்கற ஈ கம்பியை இன்னும் இறக்கினா ஃப்ரெட்டுல அடிச்சு கடகடன்னு வரும். தடிமன் கூட்டிச் சரி பண்ணலாம்னு கணக்குப் போட்டேன்: 34-ல 105 கம்பி (0.105 அங்குலத் தடிமன்) தர்ற இழுவிசையை 30-ல வாங்கணும்னா ஈ கம்பி கிட்டத்தட்ட 119 இருக்கணும். அவ்வளவு தடிமன் போட்டா கம்பி இன்னும் விறைச்சு சத்தம் மங்கும். கனமான இசைக்கு நான் இன்னும் 34-ஐத்தான் எடுக்கறேன். கட்டைவிரலால கம்பியைத் தட்டி வாசிக்கற ஸ்லாப்புக்கும் அப்படித்தான்.

பாடிக்கிட்டே எழுதியது:

நான் பாடிக்கிட்டே வாசிக்கறவ. எனக்கு மஸ்டாங் கொடுத்த பெரிய விஷயம் இடது கையை மறந்துட முடியறது. கீழ் ஃப்ரெட்டுகள்ல தாவல் குறைவு, கண்ணை நெக்குக்கு அனுப்ப வேண்டியதில்ல, வார்த்தையில இருக்கலாம். பால் மெக்கார்ட்னி ஹோஃப்னர் 500/1-ஐ எடுத்ததுக்கு அவர் சொல்ற காரணம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற வடிவம், இடது கைக்காரருக்கு அது பொருத்தம். ஆனா அவ்வளவு நகர்ற பேஸ் வரிகளை வாசிச்சுக்கிட்டே பாடினதுக்கு அந்தக் குட்டை ஸ்கேலும் இரண்டரை கிலோகூட வராத எடையும் உதவியிருக்கும்னு நான் நம்பறேன். 1972-ல திருட்டுப்போன அவரோட 1961 ஹோஃப்னர் கிடைச்சுதுன்னு 2024-ல செய்தி வந்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கீழ்ஸ்தாயி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. காப்போ சோதனை பண்ணேன். தளர்வும், ஜி கம்பி நெளியறதும் அப்படியே வந்துச்சு. அந்தக் கும்முனு வர்ற கனம் பாதிதான் வந்துச்சு, மீதி ஈபி பிக்கப்போடதுன்னு புரியுது. எனக்கு முக்கியம் ஜி கம்பிதான்னும் இப்போ தெரிஞ்சுது. அதனால ஸ்டார்ஃபயரோ ஹாக்ஸ்ட்ராமோ தேடப் போறேன். ஒரே ஒரு சந்தேகம்: என்கிட்ட பிரிக்காத 34 அங்குல ஃபிளாட்வவுண்ட் (மேல் சுத்து தட்டையா, வழவழப்பா இருக்கற கம்பி) செட் ரெண்டு இருக்கு. வெட்டிப் போட்டுக்கலாமா?

தடிக்கம்பி எழுதியது:

வேண்டாம். நீளக் கம்பியோட முழுத் தடிமன் பகுதி நட்டைத் தாண்டி ட்யூனர் தண்டு வரைக்கும் போயிடும். தண்டு மெலிசா இருந்தா தடிமனான ஈ கம்பி அதுல வளையும்போது உள்கம்பி முறியலாம், ஃபிளாட்வவுண்டா இருந்தா மேல் சுத்து பிரிஞ்சு அந்தக் கம்பியே செத்துப்போகும். முனையில மெலிசாகற பகுதிதான் தண்டுல சுத்தணும்.

வாங்கப் போற பேஸை முதல்ல அளங்க: கம்பியோட உருண்டை முனை உட்கார்ற இடத்துல இருந்து நட் வரைக்கும். கம்பி தயாரிப்பாளர் சொல்ற சுத்து நீளம் அதைவிட ஒரு அங்குலமோ ஒன்றரை அங்குலமோ கூட இருக்கணும். பெட்டியில "ஷார்ட் ஸ்கேல்"னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாதீங்க. மஸ்டாங்ல கம்பி உடம்புக்குள்ள நுழைஞ்சு வர்றதால கூடுதல் நீளம் கேக்கும், ஹோஃப்னர்ல டெயில்பீஸ் பின்னாடி தள்ளி இருக்கறதால அதுக்கும் கேக்கும். ஸ்டார்ஃபயர் அமைப்பு வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால கையில வந்த பிறகு அளந்துட்டு இங்க எண்ணைப் போடுங்க, எந்த செட் பொருந்தும்னு பார்த்துச் சொல்றேன். ஃபிளாட்வவுண்ட்தான் வேணும்னா தோமாஸ்டிக்கோட குட்டை ஸ்கேல் ஜாஸ் ஃபிளாட் செட்டைப் போட்டுப் பாருங்க. இழுவிசை ரொம்பக் குறைவு. ஜி கம்பி பாடணும்னு கேட்டீங்களே, அதுல பாடும்.